எண்கோட்பாட்டு மாநாட்டில் என்னதான் நடக்கிறது?

கேள்வி: “எண்கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன், முதலாண்டு. எண்கோட்பாடு, எண்கணித வடிவியல் பற்றிய ஒரு வார ஆய்வு மாநாட்டுக்குப் போய் வரும்படி வழிகாட்டி சொல்கிறார். கட்டுரைகள் எல்லாம் ஆர்க்கைவ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உரைகளும் யூடியூபில் வந்துவிடுகின்றன. போய் வந்த சீனியர்களோ ‘முக்கால்வாசி புரியாது’ என்கிறார்கள். அப்புறம் எதற்குப் போக வேண்டும்? அங்கே உண்மையில் என்னதான் நடக்கும்?”

சீனியர்கள் சொன்னது சரிதான், முக்கால்வாசி புரியாது. அது உங்களுக்கு மட்டும் நேர்கிற கதி இல்லை என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கும், தங்கள் பகுதிக்கு ஓரடி தள்ளிய உரை என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. பாடம் கேட்கிற இடம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். கட்டுரையில் அச்சேறாத சரக்கு சில உண்டு: அரைகுறை ஊகங்கள், “இது இப்படி இருக்குமோ” என்கிற சந்தேகங்கள், யார் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்கிற தகவல். இவை கைமாறுகிற இடம்தான் மாநாடு.

இதைப் பொதுவாகச் சொன்னால் உபதேசம் மாதிரி இருக்கும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் (n என்பது 2-க்கு மேல் போனால் அⁿ + ஆⁿ = இⁿ என்பதற்கு நேர் முழு எண் விடை கிடையாது என்பது) என்றால், ஒரு மனிதர் ஏழு வருஷம் யாரிடமும் சொல்லாமல் தனி அறையில் உட்கார்ந்து சாதித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதே கதையை மாநாடுகளின் வரிசையாகவும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது விதம்தான் நியாயமாகப் படுகிறது.

1955 செப்டம்பர் 8 முதல் 13 வரை டோக்கியோவிலும் நிக்கோ என்ற மலையூரிலும் இயற்கணித எண்கோட்பாட்டுக்கு ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. போர் முடிந்து பத்து வருஷம், அமெரிக்கப் படைகளின் ஆட்சி விலகி மூன்றே வருஷம். ஜப்பானிய இளைஞர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் எட்டாத காரியம், வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று நூலகத்துக்கு வந்தால் அதற்குப் போட்டி நடக்கும். அப்படிப்பட்ட ஊருக்கு எமில் ஆர்ட்டின், ஆந்த்ரே வெய், கிளோத் ஷெவலே, ரிச்சர்ட் பிரவுர், மாக்ஸ் டொய்ரிங், ழான்-பியேர் செர் என்று அதுவரை தலைப்பில் மட்டுமே பார்த்த பெயர்கள் நேரில் வந்து இறங்கின. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கே.ஜி. ராமநாதனும் போயிருந்தார். சென்னை லயோலா கல்லூரியில் படித்துவிட்டு, பிரின்ஸ்டனில் ஆர்ட்டினிடமே முனைவர் பட்டம் வாங்கியவர்.

அங்கே நடந்த முதல் வேடிக்கை இது. எலிப்டிக் வளைவுகளுக்கு (இரண்டு மாறிகளில் மூன்றாம் படிச் சமன்பாடு தரும் ஒரு வகை வளைவு) அப்போதே நன்றாகத் தெரிந்திருந்த கலப்பெண் பெருக்கல் கோட்பாட்டை உயர் பரிமாணத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் வெய் இறங்கியிருந்தார். வந்து பார்த்தால் அதே வேலையை 27 வயது யுடாகா தனியாமாவும் 25 வயது கோரோ ஷிமுராவும் தனித்தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மூவரும் பேசிக்கொண்டு செய்ததல்ல. ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியவே அந்தக் கூட்டம் தேவைப்பட்டது. ஆளுக்கொரு மூலையில் இருந்திருந்தால் முந்தி அச்சிட்டவர் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். கூடிப் பேசியதால் மூன்று அணுகுமுறைகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டன.

இரண்டாவதாக நடந்தது அந்த வாரத்தில் யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. பங்கேற்றவர்களுக்கு 36 கணக்குகள் கொண்ட தட்டச்சுப் பிரதி ஒன்று கொடுக்கப்பட்டது. விடை தெரிந்த பயிற்சிக் கணக்குகள் அல்ல, யாருக்கும் விடை தெரியாத கேள்விகள். அதில் தனியாமா எழுதிக் கொடுத்தவற்றில் ஒன்று பன்னிரண்டாவது. அதன் சாரம்: ஓர் எலிப்டிக் வளைவிலிருந்து கிடைக்கும் எண் வரிசையை ஒரு தொடராக எழுதினால், அந்தத் தொடர் மிகுந்த சமச்சீர் கொண்ட ஒரு தனி வகைச் சார்பாக, தானுருவச் சார்பாக, அமைய வேண்டும். அப்படி ஒரு சார்பைக் கண்டுபிடிப்பதன் மூலம் வளைவைப் பற்றி ஜெர்மன் கணிதர் ஹாசெ சொன்ன ஊகத்தை நிரூபிக்க முடியுமா?

இதை வாயால் சொன்னால் பிடிபடாது. பேனா எடுங்கள், பத்து நிமிட வேலைதான்.

அ, ஆ என்று இரண்டு எண்கள். ஆ² + ஆ = அ³ − அ² என்ற சமன்பாடு. இதுவும் ஓர் எலிப்டிக் வளைவு. இதற்கு முழு விடைகளைத் தேடாமல், ஒரு பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை விடை என்று எண்ணுவோம். பகா எண் 2 என்றால், அ, ஆ இரண்டும் 0 அல்லது 1. எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் இரட்டை எண்தான், ஆக நான்கு ஜோடியும் விடை. 3 என்றால், வலப்பக்கம் அ = 0, 1, 2 என்பவற்றுக்கு மீதி 0, 0, 1. இடப்பக்கம் ஆ = 0, 1, 2 என்பவற்றுக்கு 0, 2, 0. பொருந்துகிற ஜோடிகள் நான்கு. 5-க்கும் இதே மாதிரி போட்டால் நான்கு. 7-க்கு ஒன்பது வரும், போட்டுப் பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் அதற்குரிய விடைகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 2-க்கு −2. 3-க்கு −1. 5-க்கு +1. 7-க்கு −2.

இதை ஓரமாக வைத்துவிட்டு, முற்றிலும் சம்பந்தமில்லாத ஒரு பெருக்கலைப் போடுவோம். க × (1−க)² × (1−க²)² × (1−க³)² என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போங்கள். கூடவே (1−க¹¹)² × (1−க²²)² × (1−க³³)² என்ற வரிசையையும் பெருக்குங்கள். விரித்தால் வருவது:

க − 2க² − க³ + 2க⁴ + க⁵ + 2க⁶ − 2க⁷ …

க²-இன் கெழு −2. க³-க்கு −1. க⁵-க்கு +1. க⁷-க்கு −2. பகா எண் ஒவ்வொன்றுக்கும் இது பொருந்திக்கொண்டே போகும். 13-க்கு கெழு +4, அதாவது வளைவில் 9 விடைகள். ஒரு பக்கம் மீதிகளை எண்ணுகிற கணக்கு, இன்னொரு பக்கம் மாடுலர் வடிவம் என்கிற பகுப்பாய்வுச் சரக்கு, தனியாமா சொன்ன தானுருவச் சார்பில் ஒரு வகை. இரண்டும் ஒரே எண்களைத் தருகின்றன. இந்த ஒரு வளைவுக்கு இது நடக்கும் என்று மார்ட்டின் ஐஃக்லர் 1954-இல் காட்டிவிட்டார். எல்லா எலிப்டிக் வளைவுக்கும் இப்படி ஒரு துணை இருக்குமா என்பதுதான் பின்னால் பெரிதாக வளர்ந்த கேள்வி.

(அந்தப் பெருக்கலைப் பார்த்ததும் உங்களுக்கு ராமானுஜன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இதே பாணியில் 24-ஆம் அடுக்கு வைத்துப் பெருக்கி, கெழுக்களுக்கு 1916-இல் அவர் சில ஊகங்கள் சொன்னார். அவற்றில் கடினமானதை பியேர் தெலீன் முடித்து வைத்தது 1974-இல். எண்கணித வடிவியலின் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று.)

தனியாமா எழுதிய கேள்வி கச்சிதமாக இருக்கவில்லை. எந்த வகைச் சார்பு என்பதை அவர் தேவைக்கு மேல் அகலமாக விட்டிருந்தார். ஷிமுரா பிற்பாடு அதைத் திருத்திக் கூர்மையாக்கினார். தனியாமா நிறையத் தவறு செய்வார், ஆனால் பெரும்பாலும் சரியான திசையில் செய்வார் என்று ஷிமுராவே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வி நடுவரைத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம். நிரூபணம் இல்லை, கூற்றே முழுசாக இல்லை, எதை அச்சடிப்பது? மாநாட்டில் சுற்றுக்கு விடும் ஒரு தாளில் அதற்கு இடம் கிடைத்தது. தனியாமா 1958 நவம்பரில், 31 வயதில் இறந்துபோனார். கேள்வி எவ்வளவு தூரம் போனது என்பதை அவர் பார்க்கவில்லை.

வெய் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த ஊகத்துக்குத் துல்லியமான உருவமும், நம்புவதற்கு வலுவான காரணமும் கொடுத்தது. அதன் பிறகு அதற்கு யார் பெயர் வைப்பது என்று ஒரு நீண்ட சண்டை. வெய் ஊகம் என்றார்கள், தனியாமா–வெய் என்றார்கள், ஷிமுரா–தனியாமா–வெய் என்றார்கள். கணிதர் செர்ஜ் லாங், யார் யாரிடம் எந்தத் தேநீர் விருந்தில் என்ன சொன்னார் என்று கடிதம் எழுதிக் கேட்டு ஒரு கோப்பே தயாரித்து, 1995-இல் அமெரிக்கக் கணிதச் சங்க இதழில் வெளியிட்டார். மாநாட்டுப் பேச்சில் இது ஒரு தொல்லை. விலைமதிப்புள்ள பேச்சுக்கு ரசீது கிடையாது. உங்களிடம் யாராவது நல்ல யோசனை சொன்னால் தேதி போட்டு, அவர் பெயரோடு எழுதி வையுங்கள். பின்னால் நன்றி சொல்லவாவது உதவும்.

அடுத்த காட்சி ஜெர்மனியில், கருங்காட்டுப் பகுதியில் உள்ள ஓபர்வுல்ஃபாக். அங்கே ஒரு கணித ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, அழைக்கப்பட்ட ஐம்பது பேர் அளவில், தங்குவது சாப்பிடுவது எல்லாம் அங்கேயே. சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்பதை அவர்களே மாற்றி மாற்றி வைத்துவிடுவார்கள், உங்கள் பெயர் போட்ட துணி உறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். ஒரே கோஷ்டியாகச் சேர்ந்து சாப்பிட வழியே இல்லை. புதன்கிழமை மதியம் உரை கிடையாது, காட்டு வழியே நடந்து போய் கேக் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். 1980-களின் நடுவில் அங்கே கெர்ஹார்ட் ஃப்ரை ஒரு விஷயம் சொன்னார்: ஃபெர்மா சமன்பாட்டுக்கு ஒரு விடை இருப்பதாக வைத்துக்கொண்டால் அதிலிருந்து ஓர் எலிப்டிக் வளைவு செய்யலாம். அந்த வளைவு இருக்கிற இருப்பைப் பார்த்தால் அதற்கு மாடுலர் துணை இருக்கவே முடியாது போலிருக்கிறது. தனியாமா–ஷிமுரா ஊகம் உண்மை என்றால் ஃபெர்மாவும் உண்மை என்று ஆகிவிடும்.

“போலிருக்கிறது” என்ற இடத்தில் ஓட்டை இருந்தது. சரியாக எது குறைகிறது என்பதைச் செர் தனியே பிரித்தெடுத்து, அதற்கு எப்சிலான் என்று பாதிக் கேலியாகப் பெயர் வைத்தார். கணிதத்தில் எப்சிலான் என்றால் மிகச் சிறிய அளவு. அந்த மிகச் சிறியதை முடிக்கக் கென் ரிபெட் ரொம்பவே பாடுபட்டார். 1986 ஆகஸ்டில் பெர்க்லியில் உலகக் கணிதர் மாநாடு. ரிபெட்டுக்குச் சொந்த ஊர் மாதிரி, அங்கேதான் பேராசிரியர். ஹார்வர்டிலிருந்து வந்த பாரி மேசருடன் காபி குடிக்கப் போனபோது, ஒரு சிறப்பு நிலைக்கு மட்டும் தன்னால் நிரூபிக்க முடிந்திருக்கிறது, பொதுவாகச் செய்ய வழி தெரியவில்லை என்று விளக்குகிறார். மேசர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, அதுதான் செய்து முடித்துவிட்டாயே, இன்னும் கொஞ்சம் கூடுதல் அமைப்பைச் சேர்த்துக்கொண்டு இதே வாதத்தை ஓட்டினால் போதுமே என்கிறார். ரிபெட்டே பல முறை சொல்லியிருக்கும் கதை இது. உரை அரங்கில் நடந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். ஆனால் இரண்டு பேரும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், அவசரமில்லாமல் இருந்ததற்குக் காரணம் மாநாடு.

எப்சிலான் முடிந்தது என்ற செய்தி கேட்டுத்தான் ஆண்ட்ரூ வைல்ஸ், முதலில் சொன்ன அந்த ஏழு வருஷ மனிதர், ஃபெர்மாவுக்குத் தேவையான அளவுக்குத் தனியாமா–ஷிமுரா ஊகத்தை நிரூபிக்கும் வேலையைப் பிரின்ஸ்டனில் தொடங்கினார். ரகசியமாகச் செய்தார் என்பது உண்மை. ஆனால் கடைசிக் கட்டத்தில் அவருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. 1993 தொடக்கத்தில் சக பேராசிரியர் நிக் காட்ஸிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, அவர் உட்கார்ந்து கேட்க வசதியாக, மாணவர்களுக்கான பாடம் என்ற பெயரில் ஒரு வகுப்பை நடத்தினார். எதற்கு இந்தக் கணக்குகள் என்று தெரியாத மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் காட்ஸ் ஒருவர்தான் மிச்சம்.

பிறகு கேம்பிரிட்ஜ். ஐசக் நியூட்டன் நிறுவனம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே லிஃப்டில்கூடக் கரும்பலகை உண்டு. வைல்ஸின் பழைய வழிகாட்டி ஜான் கோட்ஸும் சேர்ந்து ஏற்பாடு செய்த பட்டறை. ஜூன் 21, 22, 23 என்று மூன்று நாள் வைல்ஸுக்கு மூன்று உரைகள். “மாடுலர் வடிவங்கள், எலிப்டிக் வளைவுகள், கால்வா உருவகிப்புகள்” என்று தலைப்பு. ஃபெர்மா பெயரே இல்லை. முதல் நாளுக்குப் பிறகு வதந்தி கிளம்பி, மூன்றாம் நாள் அரங்கில் கேமராக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஃபெர்மாவின் கூற்றைப் பலகையில் எழுதிவிட்டு, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். கைதட்டல், மறுநாள் உலகம் முழுக்கச் செய்தி.

அந்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. மேசர், ரிபெட் உட்பட இந்தத் துறையில் உலகத்திலேயே விவரம் தெரிந்தவர்கள் மூன்று நாளும் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தும் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. உரையில் நிரூபணத்தைச் சரிபார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அதன் போக்கு நம்பத்தகுந்ததா, புதிதாக என்ன யோசனை நுழைந்திருக்கிறது என்று எடைபோட மட்டுமே உரை உதவும். ஓட்டையைப் பிடித்தது, அந்தக் கோடையில் 200 பக்கக் கையெழுத்துப் பிரதியை வரிவரியாகப் படித்த அதே காட்ஸ், மின்னஞ்சலில் கேட்ட ஒரு கேள்வி. தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்து, வைல்ஸ் அதைக் கடந்தது 1994 செப்டம்பர் 19-ஆம் தேதி. கட்டுரைகள் இரண்டும் 1995 மே மாதம் வெளிவந்தன.

உங்கள் “புரியாது” என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

அதே 1995 ஆகஸ்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பத்து நாள் மாநாடு ஒன்று நடத்தினார்கள். புதிய முடிவு எதையும் அறிவிக்க அல்ல, வந்துவிட்ட நிரூபணத்தைப் பிரித்து வைத்து, மாணவர்களும் பக்கத்துத் துறைக்காரர்களும் படிக்கிற மாதிரி ஆக்க. ஒருவர் வளைவுகள், ஒருவர் மாடுலர் வடிவங்கள், ஒருவர் செரின் ஊகம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த உரைகள் 1997-இல் புத்தகமாக வந்தன. இன்றைக்கும் இந்தப் பகுதிக்குள் நுழைகிறவர்கள் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். சில வருஷத்துக்குள் ப்ரோய், கான்ராட், டயமண்ட், டெய்லர் நால்வரும் எல்லா எலிப்டிக் வளைவுக்கும் ஊகத்தை நிரூபித்துவிட்டார்கள், 2001-இல் அச்சானது. பன்னிரண்டாவது கேள்வியிலிருந்து 46 வருஷம்.

சரி, எல்லா மாநாடும் இப்படிச் சுபமாக முடியுமா என்றால், இல்லை. ஜப்பானியக் கணிதர் ஷினிச்சி மோச்சிஸுகி 2012 ஆகஸ்டில் ஏபிசி ஊகத்தை (அ + ஆ = இ என்று அமையும் எண்களின் பகாக் காரணிகளைப் பற்றியது) நிரூபித்ததாக ஐந்நூறு பக்கம் அளவுக்கு நான்கு கட்டுரைகளை வெளியிட்டார். ஒருவருக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. 2015 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் க்ளே கணித நிறுவனம் இதற்காகவே ஒரு பட்டறை நடத்தியது. மோச்சிஸுகி வரவில்லை, கியோட்டோவிலிருந்து ஸ்கைப்பில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். முன்னோடி வேலைகள் பற்றிய முதல் சில நாட்கள் தெளிவாகப் போயின. மையமான பகுதி வந்தபோது வரையறைக்கு மேல் வரையறையாக அடுக்கிக்கொண்டே போனதில் நிபுணர்களே கையைப் பிசைந்தார்கள். 2018 மார்ச்சில் பீட்டர் ஷோல்ட்ஸவும் யாகொப் ஷ்டிக்ஸும் கியோட்டோவுக்கே போய் அவருடன் உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்து, மூன்றாம் கட்டுரையின் கிளைத்தேற்றம் 3.12-இல் வாதம் நிற்கவில்லை என்று எழுதினார்கள். மோச்சிஸுகி அதை ஏற்கவில்லை. கட்டுரைகள் 2021-இல் கியோட்டோவின் ஆய்விதழிலேயே வெளிவந்தன. துறையில் பெரும்பாலானோர் அதை இன்னும் நிரூபணமாகக் கொள்ளவில்லை. என் பார்வையில் இங்கே குறைந்தது புத்திசாலித்தனம் அல்ல, நடமாட்டம். வைல்ஸின் நிரூபணம் பாஸ்டனில் பத்துப் பேர் வாயில் புகுந்து வந்தது. இது ஆசிரியரையும் அவரைச் சுற்றியுள்ள சிலரையும் தாண்டி வேறு யார் வாயிலும் முழுதாகப் புகவில்லை.

இந்தியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் “நம்ம ஊர் மாநாடுதானே” என்ற இளப்பம் மாணவர்களிடம் உண்டு. டோக்கியோ கருத்தரங்கு முடிந்து ஐந்தே மாதத்தில், 1956 பிப்ரவரியில், பம்பாய் டாட்டா நிறுவனத்தில் ஜீட்டா சார்புகள் பற்றி ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. நார்வே கணிதர் ஆட்லே செல்பெர்க் தன் சுவடு வாய்பாட்டை முன்வைத்த கட்டுரை அதையொட்டி இந்தியக் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில்தான் வந்தது. 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ். இன்றைக்கும் எண்கோட்பாட்டுக்காரர்கள் செல்பெர்க்கை மேற்கோள் காட்டும்போது அந்த இதழின் பெயரை எழுத வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் வாரம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். நாளுக்கு நான்கைந்து உரை, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ. நல்ல பேச்சாளர் என்றால் முதல் கால்மணி எல்லோருக்கும்: என்ன கேள்வி, ஏன் கேட்கிறோம், எளிய உதாரணம் என்ன. அடுத்த அரைமணி அந்தப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு. கடைசிப் பத்து நிமிடம் அரங்கில் இருக்கும் மூன்று நான்கு பேருக்கு மட்டும். நீங்கள் அந்த முதல் கால்மணியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். அதைத் தாண்டி எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை. கெட்ட பேச்சாளர் அந்தக் கால்மணியையே தவிர்த்துவிட்டு நேராக வரையறைக்குப் போவார். அவர் பெரிய ஆளாகவும் இருக்கலாம். அப்போது உங்கள் நோட்டில் உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருங்கள். சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

தேநீர் இடைவேளைதான் முதலாண்டு மாணவர்களுக்குக் கஷ்டமான அரைமணி. எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். பெரியவர்களைத் துரத்த வேண்டாம். உங்களைவிட இரண்டு மூன்று வருஷம் மூத்த மாணவர்களிடம் பேசுங்கள், அவர்கள்தான் எது எங்கே எழுதியிருக்கிறது, எந்தக் கட்டுரையில் எந்த லெம்மா (துணைத் தேற்றம்) தப்பு, எதை முதலில் படிக்கலாம் என்று நேராகச் சொல்வார்கள். பேச்சாளரிடமே கேட்க நினைத்தால் ஒரு கேள்வி எப்போதும் செல்லும்: “இது சும்மா தெரிந்துவிடாத மிக எளிய உதாரணம் எது?” தன் தேற்றத்தை உண்மையாகப் புரிந்துகொண்டவர் உடனே ஒரு வளைவை எழுதிக் காட்டுவார். எழுத முடியாதவர் கொஞ்சம் திணறுவார். இரண்டிலும் உங்களுக்குத் தகவல் இருக்கிறது. “உங்கள் வழிகாட்டி யார், என்ன செய்கிறீர்கள்?” என்று எப்படியும் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் பதிலைத் தயார் செய்து வையுங்கள். “இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போது இன்ன கட்டுரை” என்பது முழு மரியாதையான பதில்.

போவதற்கு முன் உரைச் சுருக்கங்கள் வந்துவிடும். அவற்றில் மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பேச்சாளரின் தொடர்புள்ள கட்டுரையில் முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். எல்லா உரைக்கும் தயார் செய்யப் போனால் எதுவும் நிற்காது.

இன்னொரு யோசனை, உங்கள் வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். முதலாண்டுக்கு ஆய்வு மாநாட்டைவிடப் பள்ளி வகை நிகழ்ச்சி பலன் தரும். அரிசோனா குளிர்காலப் பள்ளி என்று 1998 முதல் நடக்கிறது, எண்கணித வடிவியலுக்கென்றே, மாணவர்களுக்கென்றே. சில பேச்சாளர்கள் தொடர் உரை தருவார்கள், மாலையில் மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து ஒரு நிஜமான சிறு கணக்கில் இரவு வரை வேலை செய்வார்கள், கடைசி நாள் மாணவர்களே பலகையில் நின்று சொல்வார்கள். அதன் குறிப்புகளும் காணொளிகளும் இணையத்தில் இலவசம். இங்கே பெங்களூரு ஐசிடிஎஸ் ஆராய்ச்சி மையத்தில் இதே போல முதல் வாரம் பாடம், அடுத்த வாரம் ஆய்வு உரைகள் என்ற அமைப்பில் நிகழ்ச்சிகள் வருகின்றன. மாணவர்களுக்குத் தங்குமிடமும் பயணச் செலவில் பங்கும் கிடைக்குமா என்று எந்த மாநாட்டு விண்ணப்பத்திலும் கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்கென்று நிதி ஒதுக்குவது வழக்கம்தான்.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். காணொளியை மாநாட்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள், மாநாட்டுக்குப் பிறகு வையுங்கள். உரையில் எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று அங்கேயே நோட்டு ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 11.20-க்கு விட்டுப்போனது என்றால், ஊர் திரும்பி அந்த வரையறையை நிதானமாகப் படித்துவிட்டு, காணொளியை அந்த நிமிடத்திலிருந்து ஓட்டலாம். அப்போதும் புரியாவிட்டால் பேச்சாளருக்கு ஒரு பத்தியில் மின்னஞ்சல் போடுங்கள். இடைவேளையில் ஒரு முறை முகம் பார்த்துப் பேசியிருந்தீர்கள் என்றால் பெரும்பாலும் பதில் வரும்.